கீபோர்டில் சாம்பிள் டோன்களைத் தேர்ந்தெடுத்துத் திருத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

புதிய கீபோர்டு கைக்கு வந்த முதல் இரவு எல்லோரும் செய்வது ஒன்றுதான். முதல் டோனில், அதாவது முதல் வாத்திய ஒலியில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவது. ஆயிரம் டோன் இருந்தால் ஆயிரத்தையும். விடியும்போது காது மரத்துப் போயிருக்கும். எது நன்றாக இருந்தது என்று யோசித்தால் நாலைந்துகூடத் தேறாது. மறுநாளிலிருந்து பழக்கமான பத்து டோன்களையே சுற்றிச் சுற்றி வாசிப்போம்.

இதில் பாதிக் குற்றம் டோன்களுடையது. கீபோர்டோடு வருகிற டோன் முதல் தொடுதலிலேயே ஆளை மயக்க வேண்டும் என்று செய்யப்பட்டது. அதனால் எதிரொலி தாராளமாக இருக்கும், இரண்டு மூன்று அடுக்குகள் இருக்கும், ஸ்டீரியோ இரண்டு காதுக்கும் வெளியே விரிந்து நிற்கும். தனியாகக் கேட்டால் அரண்மனை. பாட்டுக்குள் கொண்டுபோய் வைத்தால் பாடுகிறவர் நிற்கக்கூட இடம் இருக்காது. ஆகவே சரியான டோன் பட்டியலில் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டே இருப்பதைவிட, ஓரளவு பொருந்துகிற ஒன்றைப் பிடித்து வேண்டாததைக் கழித்து எடுப்பது வேகமான வழி. டோனைத் திருத்துவது என்றால் ஏதேதோ சேர்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அதில் முக்கால்வாசி கழித்தல்தான்.

டோனுக்குள் என்ன இருக்கிறது

சாம்பிள் என்பது பதிவு செய்த ஒலித்துண்டு, அவ்வளவுதான். ஒருவர் வயலினில் ஒரு ஸ்வரம் வாசித்தார், அதை மைக் வைத்துப் பதிந்தார்கள், நீங்கள் கட்டையை அழுத்தும்போது அந்தப் பதிவு ஓடுகிறது. இப்படி டிஜிட்டல் முறையில் பதிந்து கட்டையில் வாசிக்க வைத்த ஆரம்பக் கருவிகளில் பெயர் பெற்றது, 1979-இல் சிட்னியில் உருவான ஃபேர்லைட். 1981-இல் எமுலேட்டர் என்ற இன்னொரு சாம்பிள் கீபோர்டு வந்தது. அப்புறம் 1988-இல் வந்த கோர்க் எம்1, வெறும் 4 மெகாபைட்டுக்குள் பியானோ, தந்திக்குழு, டிரம்ஸ் என்று அத்தனையையும் அடைத்துக் கொடுத்தது. இன்று கைபேசியில் எடுக்கிற ஒரு படமே அந்த அளவு இருக்கும்.

அந்தக் காலத்தில் சிக்கனத்துக்கு வழி தேடியதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1987-இல் வந்த ரோலண்ட் டி-50 ஒரு தந்திரம் செய்தது. ஒலியின் தொடக்கத்துக்கு மட்டும், அதாவது வில் உராயும் கணம், காற்று ஊதுவாயில் மோதும் கணம், சுத்தியல் தந்தியில் படும் கணம், இவற்றுக்கு மட்டும் நிஜப் பதிவை வைத்தது. மிச்ச உடம்பைச் சாதாரண மின்னணு அலையால் நிரப்பியது. காது ஏமாந்தது. ஏனென்றால் இது என்ன வாத்தியம் என்று காது முடிவு செய்வதில் அந்த முதல் கணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னால் திருத்தம் செய்யும்போது இதை மனதில் வையுங்கள். ஒலியின் தலையில் கை வைத்தால் வாத்தியமே மாறிவிடும். வாலில் கை வைத்தால் அது வாசிக்கப்படும் இடம் மாறியது போல இருக்கும்.

ஒரே பதிவை எல்லாக் கட்டைகளுக்கும் பயன்படுத்த முடியாது. ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே போக வேண்டுமானால் பதிவு இரண்டு மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். அப்போது நீளம் பாதியாகும், குரல் பொம்மைக் குரலாகும். அதனால் சில கட்டைகளுக்கு ஒரு பதிவு என்று பல பதிவுகளை வரிசையாக அடுக்கி வைக்கிறார்கள். இதற்கு மல்டிசாம்பிள் என்று பெயர். அதோடு ஒலியின் நிறத்தை மாற்றும் ஃபில்டர், ஒலி எழுந்து அடங்குவதை வகுக்கும் என்வலப் எல்லாம் சேர்ந்தால் ஓர் அடுக்கு. பல அடுக்குகள் சேர்ந்து ஒரு டோன். இந்த அடுக்கை யமாஹா எலிமென்ட் என்கிறது, ரோலண்டின் புதிய கருவிகள் பார்ஷியல் என்கின்றன, கோர்க் ஆசிலேட்டர் என்கிறது. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், சரக்கு ஒன்றுதான். நம்மவர்கள் எல்லாவற்றையும் டோன் என்றே சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன்.

டோனைத் தேர்ந்தெடுப்பது

முதலில் டோனின் வேலையை முடிவு செய்யுங்கள். மெட்டு வாசிக்கவா, பின்னால் கார்டு (பல ஸ்வரங்கள் ஒன்றாக) பிடிக்கவா, பேஸ் வாசிக்கவா, அல்லது வெறும் படுதா மாதிரி விரிந்து கிடக்கவா? மெட்டுக்கு நல்ல வயலின் கார்டுக்கு ஆகாது. இதை முடிவு செய்யாமல் பட்டியலைத் திறந்தால் எல்லாமே நன்றாக இருப்பது போலத் தோன்றும்.

அடுத்து, எஃபெக்டுகளை அணையுங்கள். பெரும்பாலான கீபோர்டுகளில் ரிவெர்ப் (எதிரொலி), கோரஸ் (ஒலியைத் தடிக்க வைப்பது), இன்சர்ட் (அந்த டோனுக்கென்றே கொடுத்த எஃபெக்ட்) எல்லாவற்றையும் மொத்தமாக அணைக்க மெனுவிலோ பொத்தானிலோ வழி இருக்கும். இதைச் செய்ததும் பாதி டோன்கள் நனைந்த கோழி மாதிரி ஆகிவிடும். அது நல்லதுதான், இப்போதுதான் சாம்பிளைக் கேட்கிறீர்கள். எஃபெக்ட் இல்லாமலும் நிற்கிற டோனை ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

மூன்றாவதாக, ஒலி அளவைச் சமப்படுத்துங்கள். இரண்டு டோன்களை ஒப்பிடும்போது சற்றுச் சத்தமாக இருப்பதுதான் நல்லது என்று காது சொல்லும். எல்லோருடைய காதும் செய்கிற தவறு இது. வால்யூமைச் சமப்படுத்தாமல் செய்த ஒப்பீட்டை நம்பாதீர்கள்.

இப்போது சோதனை. ஒரு டோனுக்கு இரண்டு நிமிடம் போதும்.

ஒரே கட்டையை மிக மெதுவாகத் தொடங்கி, தட்டத் தட்டக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கூட்டுங்கள். மிடியில் (மின்னணு வாத்தியங்களும் கணினியும் பேசிக்கொள்ளும் பொது மொழி) அழுத்தம் 1 முதல் 127 வரை போகும். நல்ல டோனில் மென்மைக்கு ஒரு பதிவு, நடுத்தரத்துக்கு ஒன்று, பலத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில் ஒலியின் நிறம் திடுக்கென்று மாறுகிறதா என்று கேளுங்கள். ஒரு பியானோ டோனில் நடு அழுத்தத்தில் இந்தத் தாவல் விழுந்தால் சாதாரணமாக வாசிக்கும்போதெல்லாம் ஒரு ஸ்வரம் துருத்திக்கொண்டு நிற்கும். டோனைக் கைவிடுவதற்கு முன், விரல் அழுத்தத்தைக் கீபோர்டு எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் டச் அமைப்பை ஒரு படி மாற்றிப் பாருங்கள். உங்கள் கை விழும் இடம் தாவலைத் தாண்டி நகர்ந்துவிடலாம்.

பிறகு அதே அழுத்தத்தில் கறுப்பு வெள்ளை விடாமல் எல்லாக் கட்டைகளையும் வரிசையாக வாசியுங்கள். ஒரு பதிவு முடிந்து அடுத்த பதிவு தொடங்கும் தையல் தெரியும். வயலினில், புல்லாங்குழலில் இது இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் பதிவிலேயே கலந்துவிட்ட சுருதி அசைவு (வைப்ரடோ) மேலே போகப் போக வேகமாகும், பதிவு மாறியதும் பழையபடி மெதுவாகும். பதிவில் கலந்த அசைவை எந்தத் திருத்தத்தாலும் எடுக்க முடியாது. ஆகவே மெட்டு வாசிக்கும் டோனுக்கு அசைவில்லாத பதிவைத் தேர்ந்தெடுத்து, அசைவை நீங்களே மாடுலேஷன் சக்கரத்தால் கொடுப்பது நல்லது.

கட்டையை அழுத்திப் பிடித்து பத்து விநாடி காத்திருங்கள். நீண்ட ஒலிகளில் பதிவு ஒரு இடத்தில் சுழற்சிக்குப் போகும், இதுதான் லூப். நல்ல லூப் தெரியாது. மோசமான லூப்பில் "வ்வா... வ்வா..." என்று ஒரே இடைவெளியில் துடிப்பு கேட்கும். பியானோவில் வேறு மாதிரித் தெரியும். முதல் சில விநாடி தந்தி மாதிரி இருந்துவிட்டு, அப்புறம் ஆர்மோனியம் தூரத்தில் ஒலிப்பது போல உயிரில்லாமல் நீளும். வேகமான பாட்டில் இதை யாரும் கவனிக்கப் போவதில்லை. தனி பியானோ வாசிக்கப் போகிறீர்கள் என்றால் அந்த டோனை விட்டுவிடுங்கள்.

அந்த வாத்தியத்தின் எல்லைக்குள் சோதியுங்கள். வயலினின் கடைசித் தந்தி நடு சி-க்குக் கீழே உள்ள ஜி, 196 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே வயலின் டோன் கேவலமாக ஒலித்தால் அது டோனின் தவறல்ல. அங்கே வயலினே கிடையாது. மேற்கத்தியப் புல்லாங்குழலும் கீழ்ப்பக்கம் நடு சி-யோடு கிட்டத்தட்ட நின்றுவிடும். ஊது வாத்திய டோனில் இரண்டு கையாலும் எட்டு விரல் கார்டு பிடித்துவிட்டு செயற்கையாக இருக்கிறது என்று குறை சொல்வதும் இதே கணக்குதான்.

கடைசியாக மோனோவில் கேளுங்கள். பல அரங்குகளில் ஒலிபெருக்கிக்கு ஒரே ஒயர்தான் போகும். ஸ்டீரியோ பியானோவின் இடது வலது இரண்டும் ஒன்று சேரும்போது சில அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஹெட்போனில் கம்பீரமாக இருந்தது மேடையில் தகர டப்பாவாகும். இடது அவுட்டில் மட்டும் ஒயரைச் செருகினால் பெரும்பாலான கருவிகள் தாமே மோனோவுக்கு மாறிவிடும், அப்படியே சோதித்துவிடலாம். மோனோ பியானோ என்று தனியாக ஒரு டோன் கொடுத்திருப்பார்கள், யாரும் தொடமாட்டார்கள். மேடைக்கு அதுதான் ஆபத்பாந்தவன்.

இன்னொரு சின்ன விஷயம். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான டோன் எண்களாக 1991-இல் வந்த ஜெனரல் மிடி வரிசையில் 1 பியானோ, 41 வயலின், 74 புல்லாங்குழல், 105 சிதார். கணினியிலிருந்து டோனை மாற்றும்போது வயலினுக்குப் பதில் வேறு வாத்தியம் வந்தால் ஓர் எண் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். சில மென்பொருள்கள் 0-விலிருந்து எண்ணும், சில 1-லிருந்து.

திருத்தம் தொடங்கும் முன்

டோனைப் பயனர் நினைவகத்தில் வேறு பெயரில் சேமித்துவிட்டு, அந்த நகலில் வேலை செய்யுங்கள். ஒரு முறை நான் ஒன்றரை மணி நேரம் செதுக்கிய தந்திக்குழு டோனை, பக்கத்து டோனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று ஒரு பொத்தானைத் தட்டித் தொலைத்தேன். பல கருவிகளில் சேமிக்காமல் டோன் மாற்றினால் திருத்தம் போய்விடும், திரையில் கேள்வியே கேட்காது. ரைட் அல்லது ஸ்டோர் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைத்தான் முதலில் கற்க வேண்டும். கம்பேர் பொத்தான் இருந்தால் இரண்டாவதாக அதை. சேமித்த பழைய ஒலியையும் இப்போதைய ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்க அது உதவும். அரை மணி நேரத்துக்குப் பிறகு காது புதிய ஒலிக்குப் பழகிவிடும். முன்னேறியிருக்கிறோமா, கெடுத்திருக்கிறோமா என்று கம்பேர்தான் சொல்லும்.

முதல் திருத்தம்: அடுக்குகளை அணைத்துப் பார்ப்பது

எடிட் பக்கத்துக்குள் போய் ஒவ்வொரு அடுக்கையும் தனியாக ஒலிக்க விடுங்கள். நாலு அடுக்கு உள்ள ஒரு தந்திக்குழு டோனில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ஒன்றில் வயலின் கூட்டம், ஒன்றில் செல்லோ, ஒன்றில் மெலிதான சிந்த் படலம், ஒன்றில் ஆக்டேவ் மேலே பளபளப்பு. பாட்டில் ஏற்கெனவே பேஸும் கிட்டாரும் இருந்தால் செல்லோ அடுக்கை அணைத்துவிடுங்கள். பாதி நேரம் திருத்தம் இதோடு முடிந்துவிடும். நிஜமாகத்தான் சொல்கிறேன், அடுத்த பகுதிக்குப் போகவே வேண்டியிருக்காது.

அடுக்கைக் குறைப்பதில் இன்னொரு லாபம் பாலிஃபோனி. கீபோர்டு ஒரே நேரத்தில் எத்தனை ஒலி எழுப்ப முடியும் என்பதற்கு வரம்பு உண்டு. 128 என்று போட்டிருப்பதை 128 ஸ்வரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பல கருவிகளில் ஸ்டீரியோ சாம்பிள் இரண்டு இடம் பிடிக்கும். நாலு ஸ்டீரியோ அடுக்கு என்றால் ஒரு கட்டைக்கு எட்டு. 128-ஐ எட்டால் வகுத்தால் பதினாறு ஸ்வரம்தான். சஸ்டெயின் பெடலை மிதித்துக்கொண்டு இரண்டு கார்டும் ஒரு ஓட்டமும் வாசித்தால் பதினாறு தீர்ந்தது, முதலில் வாசித்த ஸ்வரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். பேஸ் ஸ்வரம் நடுவில் அறுந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

இரண்டாவது: என்வலப்

ஒலி எப்படி எழுந்து, எப்படி இறங்கி, எங்கே நின்று, விரலை எடுத்த பின் எப்படி அடங்குகிறது என்பதை நாலு அளவுகள் தீர்மானிக்கின்றன: அட்டாக், டிகே, சஸ்டெயின், ரிலீஸ். இதில் சஸ்டெயின் மட்டும் உயரம், மற்ற மூன்றும் நேரம். இது புரியாமல் குழம்புகிறவர்கள் நிறைய.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். மெதுவான தந்திக்குழு டோன் ஒன்று இருக்கிறது, அதில் வேகமான மெட்டு வாசிக்க வேண்டும். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 தட்டு. ஒரு தட்டு அரை விநாடி. தட்டுக்கு நாலு ஸ்வரம் என்றால் ஒரு ஸ்வரத்துக்கு 125 மில்லிவிநாடி. டோனின் அட்டாக் 300 மில்லிவிநாடி. அதாவது ஒலி முழு உயரத்துக்கு வருமுன்னே அடுத்த ஸ்வரம் வந்துவிடுகிறது. மெட்டு கேட்காது, வெறும் புகை மாதிரி ஒரு முனகல்தான் கேட்கும். நாம் என்ன செய்வோம்? வால்யூமைக் கூட்டுவோம், அல்லது அறியாமலே தாளத்துக்குக் கொஞ்சம் முந்தி வாசிப்போம். இரண்டும் தப்பு. அட்டாக்கை 20, 30 மில்லிவிநாடிக்கு இறக்குங்கள். பல கீபோர்டுகளில் மில்லிவிநாடி போட்டிருக்காது, 0 முதல் 127 என்றோ, மையத்திலிருந்து கூட்டல் கழித்தல் என்றோ எண் இருக்கும். எண்ணைப் பார்க்காமல் மெட்ரோனோமை ஓடவிட்டுக் காதால் பிடியுங்கள். தட்டும் ஸ்வரமும் ஒன்றாக விழும் இடத்தில் நிறுத்துங்கள்.

அட்டாக்கை இறக்கிய பிறகும் ஒலி தாமதமாகவே வருகிறது என்றால் சோம்பல் சாம்பிளிலேயே இருக்கிறது. பதிவு செய்தவர் வில்லை மெதுவாகத்தான் இழுத்திருக்கிறார். அதற்கு சாம்பிள் ஸ்டார்ட் என்ற அமைப்பு சில கருவிகளில் உண்டு. பதிவின் தொடக்கத்தைக் கொஞ்சம் தள்ளி, உள்ளேயிருந்து ஓட வைக்கலாம். தள்ளும்போது "டிக்" என்று சத்தம் வந்தால் அட்டாக்கை ஒரு இழை கூட்டுங்கள், போய்விடும்.

ரிலீஸ் இதற்கு நேர் எதிர்ப்பக்கம். மெட்டுக்கு ரிலீஸ் குறைய வேண்டும், இல்லையென்றால் முந்தைய ஸ்வரம் அடுத்ததோடு ஒட்டிக்கொண்டு அபஸ்வரமாகும். ஆனால் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி ஒலி முடிந்தால் எந்த வாத்தியமும் பொய்யாகத் தெரியும்.

மூன்றாவது: ஃபில்டர்

ஃபில்டர் எடுக்கத்தான் செய்யும், கொடுக்காது. லோ-பாஸ் ஃபில்டரின் கட்டாஃப் அளவைக் குறைத்தால் மேல் அலைகள் போய் ஒலி மங்கும். முழுதாகத் திறந்தால் சாம்பிளில் என்ன இருக்கிறதோ அதுதான் வரும், அதற்கு மேல் ஒரு துளியும் வராது. மங்கிய சாம்பிளை வைத்துக்கொண்டு கட்டாஃபைத் திருகிக்கொண்டிருப்பது வீண் வேலை. அதனால்தான் தேர்ந்தெடுக்கும்போது தேவைக்கு ஒரு பங்கு அதிகப் பிரகாசமான சாம்பிளை எடுப்பது புத்திசாலித்தனம். பிரகாசத்தைக் குறைப்பது சுலபம்.

ஃபில்டரில் நான் முதலில் தேடுவது கட்டாஃபை அல்ல, அழுத்தத்துக்கும் கட்டாஃபுக்கும் உள்ள இணைப்பை. நிஜ வாத்தியத்தைப் பலமாக வாசித்தால் சத்தம் மட்டுமா கூடுகிறது? நிறமும் கூர்மையாகிறது. ஒரே ஒரு பதிவு உள்ள டோனில்கூட இந்த இணைப்பைக் கூட்டி, கட்டாஃபைச் சற்றுக் கீழே வைத்தால் மெதுவாகத் தொட்டால் மென்மையாகவும் அடித்தால் பளிச்சென்றும் வரும். பழைய கீபோர்டின் செத்த டோன் ஒன்றுக்கு உயிர் கொடுக்க இதைவிடக் குறைந்த செலவில் வழி எனக்குத் தெரியாது.

பித்தளை ஊது வாத்தியங்களுக்கு ஃபில்டருக்கென்று தனி என்வலப் கொடுங்கள். டிரம்பெட்டை ஊதும்போது முதலில் மங்கலாகத் தொடங்கி, சட்டென்று பிரகாசமாகி, கொஞ்சம் தணிந்து நிற்கும். ஃபில்டர் அட்டாக் சிறிதளவு, டிகே நடுத்தரம், சஸ்டெயின் முக்கால் உயரம் என்று தொடங்கிப் பாருங்கள். கட்டாஃப் புள்ளியை ஒட்டிய அலைகளைத் தூக்கிக் காட்டும் ரெசொனன்ஸ் பற்றி ஒரே வரி: இயற்கை வாத்தியங்களில் அதைத் தொடாதீர்கள்.

கட்டை ஏற ஏறக் கட்டாஃபும் ஏறும்படி செய்கிற அமைப்புக்குக் கீ ஃபாலோ என்று பெயர். கீழே சரியாக இருக்கிறது, மேலே மட்டும் மூக்கடைத்த மாதிரி இருக்கிறது என்றால் அதைக் கூட்டுங்கள்.

நான்காவது: சுருதி

இரண்டு அடுக்கு ஒரே சாம்பிளாக இருந்தால் ஒன்றை 5 சென்ட் மேலேயும் இன்னொன்றை 5 சென்ட் கீழேயும் விலக்குங்கள். ஒரு கூட்டம் வாசிப்பது போலத் தடிக்கும். அரை ஸ்வரத்துக்கு 100 சென்ட் என்பதால் இது மிகச் சிறிய விலகல்தான். 15 தாண்டினால் சுருதி விலகியதாகவே தோன்றும். தனி வாத்தியத்துக்கு இது வேண்டவே வேண்டாம்.

எனக்குப் பிடித்த ஒரு குறும்பு: அடுக்கின் சுருதியை 12 அரை ஸ்வரம் இறக்கிவிட்டு, ஒரு ஆக்டேவ் மேலே வாசிப்பது. சுருதி பழையதுதான். ஆனால் சில கருவிகளில், இப்போது ஓடுவது மேல் கட்டைக்கான பதிவு, அதுவும் பாதி வேகத்தில். ஒரு மணியோசை இப்படிச் செய்தால் பெரிய மணியாகும். சிறிய கைமேளம் பூதாகரமாகும். வாத்தியத்தின் அளவையே மாற்றுகிற வித்தை இது.

சுருதியை வளைக்கும் சக்கரத்தின் (பிட்ச் பெண்ட்) எல்லை பெரும்பாலும் 2 அரை ஸ்வரமாக அமைக்கப்பட்டு வரும். மெட்டின் தேவைக்கேற்ப மாற்றலாம். ஆனால் சாம்பிளை ரொம்ப தூரம் வளைத்தால் அதே பொம்மைக் குரல் பிரச்சினை வரும். தனி வாத்திய டோன்களை மோனோ (இங்கே, ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்), லெகாட்டோ நிலைக்கு மாற்றினால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது புதிய அட்டாக் விழாமல் ஒட்டி நகரும். புல்லாங்குழலுக்கு இது பெரிய மாற்றம்.

எஃபெக்டுகள், கடைசியில்

இப்போது எஃபெக்டை ஒவ்வொன்றாகத் திறங்கள். ரிவெர்பை நன்றாக இருக்கிறது என்று தோன்றும் அளவுக்கு வைத்து, அதில் பாதியாக்குங்கள். அரங்கத்துக்கே ஒரு எதிரொலி உண்டு, அது உங்களைக் கேட்டுக்கொண்டு வராது. கார்டு பிடிக்கும் டோன்களுக்கு ஈக்குவலைசரில் (கீழ், மேல் அலைகளைக் கூட்டிக் குறைப்பது) 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பேஸ் வாசிப்பவர் உங்களுக்கு நன்றி சொல்வார்.

தனியாக அருமையாக இருந்த டோன் நாலைந்து டோன்களோடு சேர்த்து ஒரு தொகுப்பாக்கும்போது ஒல்லியாகிவிடுகிறதா? பல கருவிகளில், குறிப்பாகப் பழையவற்றில், தொகுப்பில் எல்லா டோனுக்கும் இன்சர்ட் எஃபெக்ட் கொடுக்க இடம் இருக்காது. டோனோடு இருந்த எஃபெக்ட் தொகுப்புக்கு வரவில்லை. எந்த டோனுக்கு அது உயிர்நாடியோ அதற்கு மட்டும் ஒதுக்குங்கள்.

சொந்தமாகச் சாம்பிள் செய்வது

சாம்பிள் ஏற்றும் வசதி உள்ள கீபோர்டு என்றால் ஒரு கண்ணாடித் தம்ளரும் கரண்டியும் போதும் தொடங்குவதற்கு. அறையில் மின்விசிறியை அணைத்துவிட்டு, தம்ளரை மடித்த துணியின் மேல் வைத்து, விளிம்பைத் தட்டுங்கள். உச்ச அளவு முழு அளவுக்கு 6 டெசிபல் கீழே இருக்கும்படி பதியுங்கள். மெதுவாக, நடுத்தரமாக, பலமாக மூன்று தட்டு. ஒவ்வொன்றும் ஓசை முழுதாக அடங்கும்வரை கை அசையக் கூடாது. 44.1 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 44,100 அளவுப் புள்ளிகள்), 16 பிட் (புள்ளிக்கு இரண்டு பைட்), மோனோ என்றால் விநாடிக்கு 88,200 பைட். மூன்று விநாடிக்கு ஏறக்குறைய கால் மெகாபைட். இடப் பஞ்சம் வராது.

கோப்பின் முன்னால் உள்ள மௌனத்தை வெட்டுவதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 30 மில்லிவிநாடி மௌனம் மிச்சம் இருந்தால் அந்த டோன் என்றைக்கும் தாளத்துக்குப் பிந்தியே வரும். அலை நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்டினால் "டிக்" வராது. பிறகு ரூட் கீ: பதிவு எந்த ஸ்வரத்தில் இருக்கிறதோ அந்தக் கட்டையைக் குறிக்க வேண்டும். கண்ணாடியின் ஓசையில் பல சுருதிகள் கலந்திருப்பதால் டியூனர் தடுமாறும். பக்கத்தில் ஒரு பியானோ டோனை வாசித்துக் காதால் பொருத்துங்கள்.

தட்டும் ஒலிக்கு லூப் வேண்டாம். குழல் மாதிரி நீளும் ஒலிக்குத்தான் வேண்டும், அங்கேதான் பொறுமை சோதிக்கப்படும். ஒரு கணக்கைப் பாருங்கள். 440 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தின் ஒரு அலைக்கு 44.1 கிலோஹெர்ட்ஸில் 100.2 புள்ளிகள். ஒரே ஒரு அலையை லூப் செய்தால் 100 புள்ளிதான் எடுக்க முடியும். லூப்புக்குள் போனதும் சுருதி 441 ஆகிவிடும், ஏறக்குறைய 4 சென்ட் கூடுதல். பத்து அலையை எடுத்து 1002 புள்ளியாக வைத்தால் பிழை அரை சென்ட்டுக்கும் கீழே போய்விடும். ஆகவே லூப் நீளமாக இருப்பதுதான் நல்லது. ஒலி நிலைபெற்ற பிறகு தொடங்குங்கள். அசைவு இருந்தால் முழு அசைவுகளாக உள்ளே அடங்கட்டும், பாதி அசைவில் வெட்டினால் நொண்டும். இன்னும் இணைப்பு தெரிந்தால் கிராஸ்ஃபேட் லூப் போடுங்கள், முடிவும் தொடக்கமும் ஒன்றன்மேல் ஒன்று கரையும்.

ஏற்றும்போது கோப்பு கீபோர்டுக்குப் புரிகிற வடிவத்தில்தானா என்று கையேட்டில் பாருங்கள். பெரும்பாலும் வேவ் வடிவமும் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த யுஎஸ்பி டிரைவும் கேட்கும். ஏற்றிய சாம்பிள் எங்கே தங்குகிறது என்பதும் முக்கியம். ஃபிளாஷ் நினைவகத்தில் என்றால் நிலைக்கும். ராம் நினைவகத்தில் என்றால் மின்சாரம் போனதும் போய்விடும், ஒவ்வொரு முறையும் மறுபடி ஏற்ற வேண்டும். மேடையில் ஏற்றுவதற்கு ஆகும் நேரத்தையும் முன்பே அளந்து வையுங்கள்.

சேமிப்பு

பெயரில் வேலையை எழுதுங்கள். "ஸ்டிரிங்ஸ் 7" என்று வைத்தால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. "மெட்டு தந்தி வேகம்" என்றால் தெரியும். நிகழ்ச்சியில் வாசிக்கும் வரிசையிலேயே பக்கத்துப் பக்கத்து எண்களில் அடுக்கினால் ஒரு விரலில் நகரலாம்.

எல்லாவற்றையும் யுஎஸ்பி டிரைவில் ஒரு நகல், கணினியில் ஒரு நகல். இதில் ஒரு பொறி இருக்கிறது. நண்பர் தன் கீபோர்டின் முழு பேக்கப் கோப்பைக் கொடுத்தார் என்று அப்படியே ஏற்றினால், பெரும்பாலான கருவிகளில் உங்கள் பயனர் நினைவகம் மொத்தமும் அழிந்து அவருடையது வந்து உட்காரும். உங்கள் பேக்கப்பை எடுத்து, அது திறக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, அப்புறம் அவர் கோப்பிலிருந்து ஒற்றை டோனாக ஏற்ற வழி இருக்கிறதா என்று மெனுவில் தேடுங்கள்.